துடைத்து வைத்த பிரேக் பேட்

எங்கள் தெருவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள் சீட்டுப் பிடிக்கிற அம்மாள் போலிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். அவள் சிரித்தபடி தையல் மெஷினைக் காட்டுவாள். காருக்கு சீட் உறை தைப்பது அவள் தொழில். சின்ன வயதிலிருந்தே ஒரு பெரிய ஒர்க்ஷாப்பின் பின்கட்டில், ரெக்சின் வாடையும் பஞ்சுத் தூசியும் மூக்கில் ஏற, குனிந்து தைத்தவள். அதே ஒர்க்ஷாப்பின் முன்கட்டில் பிரேக் வேலை பார்த்தவரைத்தான் கட்டிக்கொண்டாள். நான் அவர்களுக்கு எதிர்வீடு. நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்.

அவள் வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியில் ஏறினாலும் சாவியைத் தொடுவதற்கு முன் பிரேக் பெடலை மிதித்துப் பார்ப்பார். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு வாடகைக் காரில் போனார்களாம். இவர் பின்னால் உட்கார்ந்து தரையை அழுத்திக்கொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம். சீட்டக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒர்க்ஷாப்பை மூடியபோது, யாரும் திரும்பக் கேட்டு வராத ஒரு பழைய காரை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். உருண்டை விளக்கு, கனத்த கதவு, பச்சை நிறம். அதன் வயதில் இருக்கிற கார்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தன. அவர் அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். அவள் அரக்கு நிறத்தில் சீட் தைத்துப் போட்டாள். ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, சரிப்படாமல், பெட்டியோடு திரும்பி வந்து அப்பா அம்மாவோடுதான் இருந்தாள். வண்டி ஓட்டக் கற்றதும் அந்தக் காரில்தான். எதையும் நிதானமாகச் செய்கிற பெண். தெருவைக் கடக்கவே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய உலகமே அந்தக் கார் ஷெட்டுதான். மாதத்துக்கு ஒருமுறையாவது முன்சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்கைப் பார்ப்பார். பழைய காலத்து வண்டி, ஒரு குழாயில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும் என்பார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்த்து, பிடிப்புக்குச் செருகிய இரண்டு ஊசிகளை உருவி, சக்கரத்தின் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகிற பேடுகளை வெளியே எடுப்பார். தேய்மானத்தை விரல் நகத்தால் அளப்பார். ஒரு பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அதைத் தள்ளுகிற பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகம் கண்ணாடி மாதிரி மின்னினால் சூடேறியிருக்கிறது. டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். புதுப் பேடு தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளி, அப்புறம்தான் அதைச் செருகுவார். எல்லாம் மாட்டி முடித்ததும் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மனைவியோ மகளோ பக்கத்தில் நின்றால் தவறாமல் சொல்வார்.

“தள்ளின பிஸ்டன் திரும்பி வந்து பேட தொடணும். அது வரைக்கும் பிரேக்குன்னு ஒண்ணு கிடையாது. மொத மிதிக்குப் பெடல் தரைக்குப் போகும். மிதிச்சு மிதிச்சு கல்லு மாதிரி நிக்கணும். அப்பதான் வண்டிய எடுக்கணும்.”

இப்படி இருந்தவருக்குத்தான் புத்தி தேய ஆரம்பித்தது.

முதலில் அவளுக்கு அது நோய் என்று தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் பிரேக் பேடுகள் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் தேய்ந்ததாகவே இல்லை. மனுஷனுக்கு வர வர ரொம்பச் சந்தேகம் என்று நினைத்தாள். பிறகு ஒரு நாள் காலையில் புதுப் பேடு போட்டவர், சாப்பிட்டு எழுந்து மறுபடியும் ஜாக்கியைத் தூக்கினார். கழற்றிப் பார்த்துவிட்டு, எவனோ தெரியாதவன் கைவைத்திருக்கிறான் என்று திட்டினார். காலையில் அவரே போட்டது அது. சீட்டக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மறதி நோய் என்று டாக்டர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். இது குறையாது, கூடத்தான் செய்யும். அவர் இனி வண்டி ஓட்டக்கூடாது, சாவியை எடுத்து வைத்துவிடுங்கள் என்றார். கருவிகளைத் தொட விடலாமா என்று சீட்டக்கா கேட்டாள். தவறு செய்யாத வரையில் விடுங்கள், தடுமாற ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள் என்று பதில் வந்தது.

மற்ற எல்லாவற்றிலும் அவர் தடுமாறினார். சட்டையைத் திருப்பிப் போட்டார். மகளைத் தன் அக்கா என்று நினைத்துக் கூப்பிட்டார். சொந்த வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று நடுக்கூடத்தில் நின்று விழித்தார். ஆனால் கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் பழைய ஆள் வந்துவிடுவார். ஊசியை உருவும் விரலில் நடுக்கம் இருக்காது. பேச்சு நேராக வரும். அந்த அரை மணி நேரத்துக்காக அவள் காத்துக்கிடந்தாள். அந்த நேரத்தில்தான் அவர் அவளைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்பார்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பேடு வாங்க முடியாது. அந்த வண்டிக்கு அது கிடைப்பதே அரிது. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் கழற்றிப் போட்டதை எடுத்துத் துடைப்பாள். முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பாள். கடையிலிருந்து வந்த அதே அட்டைப் பெட்டிக்குள், அதே மெழுகுத்தாளில் சுற்றி வைத்து, பெட்டியின் பிய்ந்த மூலையை ஒட்டிவிடுவாள். அவர் ஜாக்கியைத் தேடத் தொடங்கும் நாளில் பெட்டியை நீட்டுவாள்.

“என்னங்க, கடையிலேந்து வந்துருச்சு.”

அவர் பிரித்து முகர்ந்து பார்ப்பார். நல்ல சரக்கு என்பார். போன வாரம் தானே கழற்றி எறிந்ததைப் புதுசு என்று நினைத்து, அவ்வளவு பக்குவமாகப் பொருத்துவார். மகள் முதல் தடவை இதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. இது எத்தனை நாளைக்கும்மா என்று பிறகு கேட்டாள். முடிகிற வரைக்கும் என்றாள் சீட்டக்கா.

அப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் அவர் சக்கரத்தை மாட்டினார், வண்டியை இறக்கினார், கையைத் துடைத்தார், குழாயடிக்குப் போய்விட்டார். பெடலை மிதிக்கவில்லை. இவள் ஷெட்டிலேயே நின்று, இப்போது வருவார், இப்போது வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. தானே உள்ளே ஏறி உட்கார்ந்து காலை வைத்தாள். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரையைப் போய்த் தொட்டது. படி இருக்கிறது என்று நினைத்து இருட்டில் காலை வைத்தது போல இருந்தது. மிதித்து மிதித்துக் கல்லாக்கிவிட்டு இறங்கினாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் நிறுத்து என்பார். மகளிடம் சொன்னால் வண்டியை விற்றுவிடலாம் என்பாள். இரண்டுமே நியாயம்தான். ஆனால் அந்த அரை மணி நேரமும் போய்விட்டால் புருஷன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மீதி என்ன இருக்கிறது? அவர் மறந்தார், அவள் மறைத்தாள். அன்றிலிருந்து அவர் கைகழுவப் போனதும் அவள் போய்ப் பெடலை மிதித்துவிட்டு வருவாள். அது பல் விளக்குவது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. மழை நாளில் பஸ் கிடைக்காவிட்டால் மகள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். ஒருநாளும் பிரேக் அவளைக் கைவிட்டதில்லை. ஏன் கைவிடவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

அந்த நாளுக்கு முந்திய இரவு அவர் தூங்கவே இல்லை. கதவு கதவாகத் திறந்து எதையோ தேடினார். அவரைப் பிடித்து உட்கார வைப்பதும் அவர் எழுவதுமாகவே பொழுது போயிற்று. விடிகிற நேரத்தில் சீட்டக்கா தன்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டாள். பேட் பெட்டி தையல் மெஷின் மேலேயே இருந்தது. வழக்கமாக அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவள், முந்தின நாள் அசதியில் விட்டிருந்தாள்.

கண் விழித்தபோது நல்ல மழை. சமையலறைக் குழாயில் அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அதில் சிவப்பும் கலந்திருந்தது. உள்ளங்கையில் நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷெட்டுக்குப் போக வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அவரோ வலியே தெரியாதவர் போல அந்தக் கையாலேயே முகத்தைத் துடைக்கப் போனார். முதலில் இதைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று உட்கார வைத்துத் துணியைக் கிழித்தாள்.

மகள் ஏற்கெனவே வேலைக்குக் கிளம்பி நின்றாள். அன்று கடை முதலாளி ஊரில் இல்லை, அவள்தான் போய்த் திறக்க வேண்டும். வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அம்மா, மழை விடாது போலிருக்கு. நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன்.”

சீட்டக்காவின் பல்லிடுக்கில் துணியின் ஒரு முனை இருந்தது. மறுமுனை அவர் கையில் பாதி சுற்றியிருந்தது. துணியைத் துப்பிவிட்டு, “பெடல மிதிம்மா, பெடல மிதி” என்று கத்தினாள். அதற்குள் என்ஜின் சத்தம் வந்துவிட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

எங்கள் தெரு சரிவானது. கீழே போய் மெயின் ரோட்டில் முட்டும். வண்டி ஷெட்டில் தெருவைப் பார்த்து நிற்கும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு ஏறினால், பிரேக்கைத் தொடாமலே இறக்கத்துக்கு வந்துவிடலாம். நான் ஜன்னலை மூட எழுந்தவள், மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சீட்டக்கா செருப்பில்லாமல் மழையில் ஓடினாள். அவளுக்கு முன்னால் அந்தப் பச்சைக் கார் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் பிரேக்கை மிதித்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் வேகம் குறையவில்லை. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அவள் மறுபடி மிதித்திருக்கிறாள். இன்னும் ஒன்றிரண்டு மிதி மிதிக்க இடம் இருந்திருந்தால் போதும். ரோடு வந்துவிட்டது. தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை.

காரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தார்கள். வண்டிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி வந்தபோது சீட்டக்காவையும் அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். லாரி பக்கவாட்டில் மோதியிருந்ததால் முன்சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி நசுங்காத பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே நுழைந்து, பெடலைக் கையால் பலமுறை அழுத்திப் பார்த்தார். அழுத்த அழுத்த அது கல் மாதிரி நின்றது. கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“பிரேக் நல்லாத்தாம்மா இருக்கு. ஆயில் ஒழுகல. பேடும் சுத்தமா இருக்கு, பாத்துப் பாத்து வச்சிருக்காங்க. உங்க பொண்ணுதான் பதட்டத்துல தவற விட்டிருக்கணும்.”

சீட்டக்கா தலையை ஆட்டினாள். தெருவில் அதற்குள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். போன் பேசிக்கொண்டு ஓட்டியிருப்பாள் என்றார்கள். வாழாவெட்டியாக இருந்த மனவேதனையில் வேண்டுமென்றே விட்டிருப்பாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். இரண்டு பக்கமும் பார்த்து மறுபடி ஒருமுறை பார்க்கிற பெண்ணைப் பற்றி.

அதைக் கேட்ட மறுநாள் சீட்டக்கா தனியாக அந்த அதிகாரியைத் தேடிப் போனாள். அலுவலக வராந்தாவில் வெகுநேரம் நின்று, அவர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அட்டைப் பெட்டியை, உப்புத்தாளை, பெடலை, தான் மறைத்ததை. அவர் பொறுமையாகக் கேட்டார். இதை எழுதினால் உங்கள் வீட்டுக்காரரை விசாரிக்க வேண்டியிருக்கும், அவரிடம் என்னத்தைக் கேட்பது என்றார். அப்படியானால் என்னைப் பிடித்துப் போடுங்கள் என்றாள் இவள். மகள் பேரில் தப்பு இல்லை என்று எங்காவது இருந்தால் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வீட்டுக்குப் போங்கம்மா,” என்றார் அவர். “அந்தக் கேஸ் முடிஞ்சிருச்சு.”

அவள் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. கூட்டம் வந்ததும் போனதும் அவருக்கு ஏதோ விசேஷம் போல இருந்தது. சாயங்காலம் கடை மூடுகிற நேரமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னும் காணோமே என்பார். வருவாள் என்று இவள் சொல்வாள். ஷெட்டுக்குப் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டு, வண்டி எங்கே என்று கேட்பார். மகள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பாள். இரண்டுக்கும் அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அழுவதில்லை. தையலையும் விட்டுவிட்டாள். கேட்டு வந்தவர்களிடம் ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

நாத்தனார்தான் வந்து, பெற்ற தகப்பனிடம் மறைப்பது பாவம், ஒருமுறையாவது சொல்லிவிடு என்று வற்புறுத்தினாள். ஒரு காலையில் அவர் தெளிவாக இருந்தார். நாத்தனாரைச் சரியாக அடையாளம் கண்டு, அக்கா என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார். அந்தத் தெளிவைப் பார்த்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே சீட்டக்கா சொல்லிவிட்டாள். கார் சரிவில் நிற்காமல் போனதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அவர் அழுதார். ஒரு குழந்தை அழுவது போல வாயைத் திறந்துகொண்டு அழுதார். அப்புறம் மெல்ல அழுகை நின்றது. முதுகு நிமிர்ந்தது. அவர் முகம் ஒர்க்ஷாப்பில் இருந்த காலத்து முகமாக மாறியதை நானே பார்த்தேன்.

“கடைசியா பிரேக் பாத்தது யாரு?”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சீட்டக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“நான்தாங்க.”

“நீயா? சீட்டு தைக்கிறவளுக்கு பிரேக்ல என்ன வேலை?” அவர் குரல் உயரவில்லை. “பேட மாட்டினப்புறம் பெடல மிதிச்சியா?”

“இல்லைங்க. மிதிக்கல.”

அதில் பொய் இல்லை. அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பெத்த பொண்ணக் கொன்னுட்டியே.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. நாத்தனார் சீட்டக்காவைத் தனியாக இழுத்துப் போய், பைத்தியமா உனக்கு, ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று சத்தம் போட்டாள். நாளைக்கு மறந்துவிடுவார் என்று இவள் சமாதானம் சொன்னாள். எத்தனையோ மறக்கிறவர், இதையும் மறந்துவிடுவார்.

மறந்துதான் போனார். மறுநாள் சாயங்காலம் பழையபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் காணோமே என்றார். மகள் இறந்தது அவர் நினைவில் துளிகூட இல்லை. வருவாள் என்று சொல்லிக்கொண்டே சீட்டக்கா டீயை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் ஒரு அடி முன்னால் வந்ததும் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அவர் மறந்தது சேதியை மட்டும்தான். கோபம் எங்கேயோ தங்கிவிட்டது. ஏன் கோபம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் கேட்டாள். சில பேருக்கு அப்படி ஆவதுண்டு, விஷயம் போய்விடும், மனதில் பட்டது போகாது என்றார். உண்மையைச் சொல்லிப் புரிய வைத்தால் மாறுமா என்று கேட்டாள். எந்த உண்மையை என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

இப்போது அவள் தொட்டால் அவர் உடம்பு விறைத்துப்போகிறது. அவள் பக்கத்தில் படுத்தால் எழுந்து போய்க் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். என்னைப் பார்த்தால் முகம் மலர்கிறது. குளிக்க வைக்க ஒரு ஆள் வருகிறார், அவரிடமும் சிரித்துப் பேசுகிறார். ஒரு நாள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, “இந்தப் பொம்பள யாரு? எப்ப பாத்தாலும் வீட்டுலயே இருக்காளே, போகச் சொல்லு” என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

சாப்பாட்டை இன்னமும் அவள்தான் சமைக்கிறாள். தட்டில் போட்டு, கூடத்து மேஜையில் வைத்துவிட்டு, அவர் பார்க்கும் முன் உள்ளே போய்விடுகிறாள். அவள் இருந்தால் அவர் சாப்பிட மாட்டார். நான் போகும்போதெல்லாம் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். என்னைக் கண்டால் விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று சைகை காட்டுவாள். கூடத்தில் ஸ்பூன் தட்டில் இடிக்கும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை அப்படியே நிற்பாள்.